கண்ணாடிப் பக்கத்துப் பிள்ளைகள்

பள்ளித் தலைக்கணக்குத் துறை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. அதற்கு வேறொரு துறை இருக்கிறதாம். அதை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. வகுப்பில் எத்தனை தலை இருக்கிறது என்று எண்ணுவது மட்டுமே இந்தத் துறையின் வேலை. அதையும் வகுப்பறை வாசலுக்கு வெளியே நின்றுதான் செய்ய வேண்டும். அதிகாரி உள்ளே கால் வைத்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், எழுந்து நின்றால் வகுப்பு கலைந்ததாக ஆகிவிடும், கலைந்த வகுப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அவர் செருப்பின் நுனி படியில் படாமல் நின்று, விரலை நீட்டி எண்ணி, எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சொன்ன எண்ணை மாற்ற அவருக்கே அதிகாரம் கிடையாது. 'பார்த்தது பார்த்ததுதான்' என்பது துறையின் முத்திரை வாசகம்.

இந்தப் பள்ளிக்கு எண்ண வருகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வாசப்படியார். கொட்டுகிற மழையிலும் படிக்கு வெளியே குடை பிடித்து நிற்பார். யாரையும் அதட்டிப் பேசியது கிடையாது. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல மெல்லப் பேசுவார். ஆனால் அந்த விரல் ஒவ்வொரு தலையாகத் தாண்டி நம் தலைமேல் வந்து நிற்கும்போது எங்கேயாவது ஒளிந்துகொள்ளத் தோன்றும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களுக்கும் தோன்றியது, அவர்கள் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். முப்பதுக்குக் குறைந்த வகுப்பை அடுத்த எண்ணிக்கையோடு மூடிவிடுவது என்று துறை முடிவு செய்திருந்தது. மூடினால் பிள்ளைகள் லாரி ஓயாத பெரிய சாலையைக் கடந்து அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போக வேண்டும். பெரிய டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடும் தலைமையாசிரியை இந்தக் கவலையில் கடிக்க நகம் இல்லாமல் பென்சிலைக் கடிக்க ஆரம்பித்திருந்தார். மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்குக் கவலை இன்னும் கூடுதல். அந்தப் பத்தொன்பதில் ஒன்று அவர் பெற்ற மகள்.

மகளுக்கு வாலு என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. "வீட்டுலதான் நான் அப்பா. பள்ளிக்கூடத்துல சார்" என்று வாத்தியார் தினமும் பாடம் நடத்துவார். அவளும் தலையாட்டிவிட்டு, வகுப்புக்குள் நுழைந்ததும் "அப்பா, பென்சில் எங்க?" என்பாள். அப்பனும் மகளும் நொட்டாங்கைக்காரர்கள். அவர் கரும்பலகையில் எழுதுவதும், அவள் நோட்டில் எழுதுவதும் இடக்கையால்தான். அதுவரைக்கும் அதனால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் வந்ததில்லை.

அந்த வாரப் பாடம் சமச்சீர். ஒரு வடிவத்தின் நடுவே ஒரு கோடு போட்டால் இந்தப் பாதியும் அந்தப் பாதியும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டும்; எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க வேண்டும். காகிதத்தை மடித்து வண்ணத்துப்பூச்சி வெட்டச் சொன்னார். ஒருவனுக்கு மூன்று இறக்கை வந்தது. ஒருத்தி மடிப்பிலேயே வெட்டி, தனித்தனியாக இரண்டு அரைப் பூச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். கண்ணாடி இருந்தால் ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு யாரைக் குறை சொல்வது?

தெருமுனைச் சலூனில் அன்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் நீளத்துக்கு இருந்த கண்ணாடியைக் கழற்றி வாசலில் சாய்த்து வைத்திருந்தார் சலூன்காரர்.

"ஒரே ஒரு நாளைக்கு குடுங்க" என்றார் வாத்தியார்.

"எடுத்துட்டுப் போங்க சார். ஆனா சாயங்காலம் வந்துடணும். கண்ணாடி இல்லன்னா நான் வெட்டுனது எனக்கே தெரியாது."

நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்து ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சாய்த்தார்கள். வகுப்பு கொண்டாடித் தீர்த்துவிட்டது. அரை வண்ணத்துப்பூச்சியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தால் முழுப் பூச்சி ஆனது. 'ப' எழுதிக் காட்டினால் அப்படியே இருந்தது, 'ட' முகத்தைத் திருப்பிக்கொண்டது. எட்டு அசையவில்லை, மூன்று கோபித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தது. வாலு நோட்டைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள்.

"அப்பா! அவ சோத்துக்கையால எழுதுறா!"

வகுப்பு சிரித்தது. "சார்னு சொல்லு" என்றார் வாத்தியார்.

"சார், அவ சோத்துக்கையால எழுதுறா சார்."

"ஆமா. கண்ணாடியில இடது வலதாகும், வலது இடதாகும். சபாஷ்." கரும்பலகையில் அதை எழுதத் திரும்பியவர் வாசலில் விரல் நீண்டிருப்பதைப் பார்த்தார். வாசப்படியார் எண்ணிக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. விரல் பிள்ளைகளை முடித்துக்கொண்டு நிற்காமல் கண்ணாடிக்குப் போய், அங்கேயும் வரிசையாகத் தலைதலையாக நகர்ந்தது.

"முப்பத்தெட்டு" என்றார் வாசப்படியார். "ரொம்ப சந்தோஷங்க. நல்லா வளர்ந்துட்டீங்க."

"சார், அது கண்ணாடி சார். பிள்ளைங்க பத்தொன்பதுதான்."

வாசப்படியார் அவரைப் பரிவோடு பார்த்தார். "எண்ண வந்தது நீங்களா, நானாங்க?"

"நீங்கதான் சார். ஆனா—"

அதற்குள் சத்தம் கேட்டு ஓடிவந்த பெரிய டீச்சர் வாத்தியாரின் முழங்கைச் சதையைத் திருகினார். "ஆமாங்க சார், முப்பத்தெட்டுதான். நல்லாப் படிக்கிற பிள்ளைங்க" என்றார். வாசப்படியார் போனதும் வாத்தியாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "வாயை மூடிட்டு இருங்க. பள்ளிக்கூடம் தப்பிச்சுது. உங்க பொண்ணும் சாலையைத் தாண்ட வேண்டாம். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். நாமாக இருந்தாலும் மூடிக்கொண்டுதான் இருப்போம்.

சாயங்காலம் சலூன்காரர் ஆளோடு வந்தபோது கண்ணாடியின் நான்கு மூலையிலும் துறையின் அரக்கு முத்திரை இருந்தது. முப்பத்தெட்டு என்று சொன்னது சொன்னதுதான் என்பதால், கண்ணாடியை எடுப்பது பத்தொன்பது பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கடத்துவதற்குச் சமமான குற்றமாம்.

"கடத்தலா? இது என் கண்ணாடி சார்!" சலூன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடையில வந்து உட்கார்றவன் எல்லாம் வெறும் சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான். காது இருக்கான்னு தடவிப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போறான். நான் என்ன பண்ண?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார் வாத்தியார். வேறு என்ன சொல்ல முடியும்? சலூன்காரர் அன்றிலிருந்து அவரைப் பார்க்கிற இடத்திலெல்லாம் "கண்ணாடி எப்ப சார்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

துறையில் வேலை செய்கிறவர்கள் யாரும் மடையர்கள் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது பேரைப் பற்றி அவர்கள் ஆழமாக ஆராய்ந்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இடக்கையால் எழுதுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அவர்களுக்காகக் கைப்பலகையை இடப்பக்கம் வைத்த நாற்காலி ஒன்றை மாதிரிக்கு அனுப்பினார்கள். மற்றவை பின்னால் வரும் என்றார்கள். மற்ற பிள்ளைகள் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்கள். வாலு உட்கார்ந்தாள், முழங்கை பலகையில் சுகமாகப் படிந்தது. "இது எனக்குன்னே செஞ்சது சார்" என்றாள். அவள் 'சார்' என்று சரியாகச் சொன்ன சந்தோஷத்தில் வாத்தியார் அந்த நாற்காலியை அவளுக்கே விட்டுவிட்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ராணிபோல உட்கார்ந்தாள்.

அடுத்த முறை வந்த வாசப்படியார் கண்ணாடியில் தெரிந்த கரும்பலகையைப் பார்த்து வருத்தப்பட்டார். எழுத்தெல்லாம் திரும்பிக் கிடந்தது.

"அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க எப்படிங்க படிக்கும்? அவங்களும் பிள்ளைங்கதானே?"

அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாத்தியார் கரும்பலகையில் எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. நொட்டாங்கைக்காரருக்கு அது சுலபமாகவே வந்தது; அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே பிடிக்கவில்லை. ஒரு வாரத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் பெயரையே திருப்பி எழுத ஆரம்பித்தார்கள். துறை அதை முன்னேற்றம் என்று பாராட்டியது.

பிறகு ஒரு நாள் வாசப்படியார் எண்ணி முடித்தும் போகாமல் நின்றார். பெரிய டீச்சரையும் வாத்தியாரையும் வாசலுக்கு அழைத்து, கண்ணாடியைப் பார்த்தபடி பேசினார்.

"எனக்கு இந்த வேலையில தலை நரைச்சுப் போச்சுங்க. ஆயிரம் வகுப்பு பார்த்திருக்கேன். அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க மாதிரி நான் பார்த்ததே இல்ல. பாருங்களேன். ஒரு சத்தம் உண்டா? தண்ணி குடிக்கணும்னு கேட்டிருக்கா? ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கா? இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க வந்தா வருதுங்க, போனா போகுதுங்க. மூக்கு வேற ஒழுகுது. துறை எப்படிப்பட்ட பிள்ளை வேணும்னு இத்தனை வருஷமா ஏங்கிக்கிட்டு இருந்துச்சோ, அது அங்க உட்கார்ந்திருக்குங்க." அவர் கண் கலங்கியிருந்தது. "அதனாலதான் எனக்கு ஒரு பயம். ரெண்டு பக்கமும் கலந்துடக் கூடாது. கலந்துட்டா அதுங்களும் கெட்டுப் போயிடும்."

"கலக்காது சார். நடுவுல கண்ணாடி இருக்கே" என்றார் பெரிய டீச்சர்.

"பார்த்துடலாங்க. பிள்ளைங்களா, எழுதுற கையைத் தூக்குங்க."

பத்தொன்பது கைகள் எழுந்தன. பதினெட்டு வலக்கை. ஒரு இடக்கை. கண்ணாடியில் பதினெட்டு இடக்கை. ஒரு வலக்கை.

வாலு மட்டும் பெருமையாகக் கையை இன்னும் உயரத் தூக்கினாள். அந்த விரல் மெதுவாக வந்து அவள் தலைமேல் நின்றது.

"அங்கிருந்து ஒண்ணு இங்க வந்துடுச்சுங்க" என்றார் வாசப்படியார். "இங்கிருந்து ஒண்ணு அங்க போயிடுச்சு. நான் பயந்தது நடந்துபோச்சு. அந்த நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்திருக்கு பாருங்க."

"சார், அது என் பொண்ணு!" வாத்தியார் அந்த விரலுக்கு நேரே போய் நின்றார். "நான் பெத்த பொண்ணு சார். பிறந்ததுலேர்ந்து அவளுக்கு நொட்டாங்கைதான்."

"இருக்கலாங்க. அந்தப் பக்கத்துலயும் ஒரு அப்பா பெத்திருப்பாருல்ல? அவரு தேட மாட்டாரா?" வாசப்படியார் குடையை மடக்கினார். "அடுத்த தடவை நான் வர்றதுக்குள்ள அது தன் பக்கம் போயிடணும்."

"எப்படி சார் போகும்?"

"வந்த வழிதாங்க."

அன்றைக்கு வாத்தியார் வீட்டில் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர். நாள் முழுக்கக் குத்திக் குத்தி அவருக்குக் கோபம்கூட ஓங்கிக் குத்துவதுபோலத்தான் வரும்.

"எங்க ஆபீஸ்ல முகவரி தப்பான கடுதாசிகூட திரும்பி வந்துடுது. உங்க துறையில ஒரு தப்பு திரும்பி வராதா? கண்ணாடிங்க அதுன்னு முதல் நாளே கத்தியிருக்க வேண்டியதுதானே?"

"கத்தியிருந்தா வகுப்பை மூடியிருப்பாங்க."

"இப்ப என் பொண்ணை மூடப் போறாங்க!"

வாத்தியார் மகளைக் கூப்பிட்டு, அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்து, பென்சிலை இடக்கையிலிருந்து பிடுங்கி வலக்கையில் திணித்தார். தான் செய்வது அக்கிரமம் என்று அவருக்குத் தெரியும். பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கண்ணாடியில இருக்குறவளைப் பாரு. அவ எந்தக் கையால எழுதுறாளோ, அந்தக் கையால எழுது."

"நான் மாத்தினா அவளும் மாத்திக்கிறா அப்பா!"

"அவளைப் பார்க்காதே. இல்ல, பாரு. நினைவுல வெச்சுக்கோ. அவ முதல்ல எப்படி இருந்தாளோ அப்படி இரு."

வாலு பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எட்டு எழுதினால் உருளைக்கிழங்கு வந்தது. அழுதாள், எழுதினாள், மறுபடி அழுதாள். பிறகு அழுவதை விட்டுவிட்டாள். கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டாள். சில நாளில் அவள் வலக்கையால் எழுதினாள், வலக்கையால் தலை சீவினாள், வீட்டிலும் அவரை 'சார்' என்று கூப்பிட்டாள். வீட்டுக்குள் அந்தச் சொல்லைக் கேட்டதும் வாத்தியாரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாசப்படியார் வந்தார். எழுதுகிற கையைத் தூக்கச் சொன்னார். இந்தப் பக்கம் பத்தொன்பது வலக்கை, அந்தப் பக்கம் பத்தொன்பது இடக்கை. ஒன்றுகூடப் பிசகவில்லை. வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவங்கவங்க பக்கம் போயிட்டாங்க. நல்லதுங்க" என்ற வாசப்படியார், அட்டையில் வைத்த தாளைப் படிக்கு மேலாக உள்ளே நீட்டினார். "எண்ணிக்கை சரின்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

வாத்தியார் நிம்மதியில் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துப் புள்ளி வைக்கும்போதுதான் பேனா எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தார்.

வாசப்படியார் அவரைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். அங்கே வலக்கையில் பேனாவோடு ஒருவர் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தார். வாசப்படியார் அவரை நோக்கிக் கைகூப்பினார்.

"மன்னிக்கணுங்க சார். இத்தனை நாளா உங்களைக் கண்டுக்காம விட்டுட்டோம். நல்லா நடத்துறீங்க. ஒரு வார்த்தை அதிகமாப் பேசினதில்ல. இனிமே இந்த வகுப்பு உங்க பொறுப்பு." பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "நீங்க வெளியே போயிடலாங்க" என்றார்.

"சார், நான் போயிட்டா அவரும் போயிடுவாரே!"

வாசப்படியார் யோசித்தார். "அப்ப அவரு தெரியற மாதிரி போங்க" என்றார்.

அதற்கு வழி கண்டுபிடித்தவர் பெரிய டீச்சர். ஜன்னலுக்குக் கம்பி கிடையாது, உயரமும் கிடையாது. வாத்தியார் வெளியே வெயிலில் நின்று ஜன்னல் கட்டையில் கை வைத்து உள்ளே பார்த்தால், எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் அவர் இடுப்புக்கு மேல் நன்றாகத் தெரிந்தார். பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பினால் தண்டனை. வெளியிலிருந்து வரும் குரல் இரைச்சல் என்பதால் வாத்தியார் சத்தமாகப் பேசக் கூடாது. வாயை மட்டும் அசைக்கலாம். அவர் வாயசைத்து வாய்ப்பாடு சொல்ல, பதினெட்டுப் பிள்ளைகளும் வாலுவும் கண்ணாடியைப் பார்த்து வாயசைத்தார்கள். பள்ளி அவ்வளவு அமைதியாக எப்போதும் இருந்ததில்லை என்று தெருவில் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

"கண்ணாடி எப்ப சார்?" என்று ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார் சலூன்காரர். வாத்தியார் வாயில் விரலை வைத்து எச்சரித்தார். சலூன்காரர் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் கண்ணாடியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கடைசியாக நடந்தது உச்சி வெயிலில். வாசலில் வாசப்படியாரின் விரல் எண்ணிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வாத்தியாரின் நெற்றியிலிருந்து வியர்வை ஓடிக் கண்ணுக்குள் இறங்கியது. துடைத்தால் இடக்கை எழும், கண்ணாடியில் என்ன தெரியுமோ, அதற்கு என்ன அர்த்தம் சொல்வார்களோ என்று அவர் கண்ணைக் கொட்டிக்கொண்டு அப்படியே நின்றார். ஜன்னலோரத்து நாற்காலியில் வாலு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இருந்தவரின் கண் சிவந்து நீர் வழிந்தது. பழகியதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. இடக்கையைத் தூக்கிக் கண்ணாடியைக் காட்டினாள்.

"அப்பா, கண்ணைத் தொடைச்சுக்கங்க!"

விரல் நின்றது.

"அது எந்தக் கை, பாப்பா?" என்றார் வாசப்படியார். வாலு கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். "பரவால்லம்மா, பயப்படாதே. நீ தப்பு பண்ணல. உன்னை இங்க வெச்சிருந்தவங்கதான் தப்பு." அவர் கண்ணாடிக்கு வணக்கம் வைத்தார். "சார், இது உங்க பிள்ளைங்க. கூப்பிட்டுக்கங்க."

பெரிய டீச்சர் பென்சிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. பதினெட்டுப் பிள்ளைகளும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாலு எழுந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது என்று அவளுக்கு அவ்வளவு சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களில் முதல் ஆள் அவள் அப்பா. அவள் நேரே கண்ணாடிக்குப் போனாள். எதிரிலிருந்தும் ஒருத்தி வந்தாள். இருவரும் உள்ளங்கையை ஒன்றின்மேல் ஒன்று வைத்தார்கள். வாலு கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. நெற்றியை வைத்துத் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் பலமா" என்றார் வாசப்படியார் அன்பாக.

வாத்தியார் இரண்டு கையையும் ஜன்னலுக்குள் நீட்டி, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"வாலு! அப்பா இங்க இருக்கேன்! இங்க, இங்க வா!"

அவள் திரும்பினாள். கண்ணாடியில் இருந்தவளும் திரும்பினாள். வாலு நாற்காலிகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடி, இடப்பக்கப் பலகை வைத்த நாற்காலியில் ஏறி, ஜன்னல் வழியாக அப்பாவின் மேல் பாய்ந்தாள். வாசப்படியார் பார்த்தது கண்ணாடியை. அதில் ஒரு சிறுமி அறையின் ஆழத்துக்கு ஓடினாள், அங்கே நின்ற ஒருவர் அவளை வாரித் தூக்கிக்கொண்டார், இருவரும் மறைந்துபோனார்கள்.

"போய்ச் சேர்ந்துட்டா" என்றார் வாசப்படியார். அவர் குரலில் உண்மையான நிம்மதி இருந்தது.

ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி வாத்தியார் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் இதயம் அவர் மார்பில் அடித்துக்கொண்டது. இடக்கையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவளுக்குப் பள்ளி போயிற்று, அவருக்கு வேலை போயிற்று. அந்த நேரத்தில் அவருக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. பிள்ளை இந்தப் பக்கம் இருக்கிறாள். எழுந்து வேலியை நோக்கி நடந்தார்கள்.

பின்னால் ஜன்னல் வழியாக அந்த மெல்லிய குரல் கேட்டது.

"ஒரு நாற்காலி காலியா இருக்குங்க, பெரிய டீச்சர். காலியா இருக்கக் கூடாது. பாப்பா, நீ வா. உன்னைத்தாம்மா, ரெட்டைச் சடை. எந்தக் கையால எழுதுவே? பரவால்ல, பழகிக்கலாம்."

நாற்காலி தரையில் உரசும் சத்தம் வந்தது. வாலு அப்பாவின் கையை இழுத்தாள்.

"அப்பா, அவளுக்கு அந்தக் கை வராதுப்பா. நீங்க போய்ச் சொல்லுங்க. இங்கேர்ந்து கத்துங்கப்பா, எனக்குக் கத்துன மாதிரி."

வாத்தியார் வாயைத் திறந்தார். பிறகு மகளின் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டு, "நடம்மா" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே எண்ணுவது முதலிலிருந்து ஆரம்பமாகியிருந்தது.